ரோடு பைக்குக்கு எடை குறைந்த சக்கரம்: தராசில் நிறுத்துப் பார்த்து எடுத்த முடிவுகள்

ஆரம்ப நிலை ரோடு பைக் ஒன்றை வாங்கிக் கொஞ்ச காலம் நன்றாக ஓட்டிவிட்டால், அடுத்து எதை மாற்றலாம் என்ற கேள்வி தானாக வந்துவிடும். யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: சக்கரத்தை மாற்று. அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் சக்கரத்தில் எந்தப் பகுதியை, எந்த வரிசையில், என்ன பலனுக்காக மாற்றுவது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. என் பைக்கில் அதைப் பிரித்துப் பார்த்துதான் செய்தேன். வாங்கியது, பொருத்தியது, ஓட்டிப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பைக் சாதாரணமானது. அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா கியர், பின்னால் 9 பல்சக்கரம் (9 ஸ்பீடு), சக்கரத்தின் விளிம்பான ரிம்மைக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக், 28 மி.மீ. டயர். என்னையும் பைக்கையும் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்தால் 82 கிலோ. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த எடைக்குத்தான்.

முதல் வேலை, இருக்கும் சக்கரத்தை நிறுத்துப் பார்ப்பது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். சக்கரத்தை நேராக அதன்மேல் வைத்தால் எண் தெரியாமல் மறைந்துவிடும். அதனால் தராசின் மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன்மேல் சக்கரத்தைப் படுக்க வைத்தேன். டயர், டியூப், ரிம்மின் ஓட்டைகளை மூடும் ரிம் டேப், பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பான கேசட், ஆக்ஸிலுக்குள் போகும் குவிக் ரிலீஸ் கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் சொல்லும் எடையும் பெரும்பாலும் இப்படி மொட்டையாக நிறுத்த எடைதான். டேப்பும் குவிக் ரிலீஸும் ஏறிய சக்கரத்தை வைத்துக்கொண்டு அட்டையில் போட்ட எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு 150 கிராம் வரை தப்பும்.

வந்த எண்கள் இவை. முன் சக்கரம் 925 கிராம், பின் சக்கரம் 1160 கிராம், ஜோடி 2085 கிராம். ஆரம்ப நிலை பைக்குகளில் இது வழக்கமான எடைதான். என் கண்ணை உறுத்தியது வேறு எண். டயர் ஒன்று 390 கிராம், இன்னொன்று 395. ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்த, மடிக்க முடியாத வகை. டியூப்கள் 120, 125. ஆக டயரும் டியூபும் மட்டும் 1030 கிராம். இரண்டு சக்கரங்களின் எடையில் பாதி! பைக் வாங்கும்போது சக்கரத்தின் பெயரைப் பார்க்கிறோம், கியரின் பெயரைப் பார்க்கிறோம். டயரின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளருக்கு அங்கேதான் இடம் கிடைக்கிறது.

எங்கே இருக்கும் எடை குறைகிறது?

சக்கர எடையைப் பற்றிப் பேசும்போது, சுழலும் எடை சாதாரண எடையைவிட இரண்டு மடங்கு என்று ஒரு வாக்கியம் வந்துவிடும். அது எப்போது உண்மை என்று தெரிந்தால்தான் காசை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

பைக் நகரும்போது ஃபிரேம் முன்னோக்கிப் போவதோடு சரி. ரிம்மும் டயரும் முன்னோக்கிப் போவதோடு சுழலவும் செய்கின்றன. நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது இந்த இரண்டு அசைவுக்கும் நம் கால்தான் ஆற்றல் தர வேண்டும். விளிம்பில் இருக்கும் எடைக்கு இந்த இரண்டு ஆற்றலும் சமமாக வருவதால், அங்கே ஒரு கிராம் இரண்டு கிராமாகக் கணக்காகிறது. ஸ்போக் நடுவிலிருந்து விளிம்பு வரை பரவியிருப்பதால் அதற்கு ஏறத்தாழ 1.33 மடங்கு. ஆக்ஸிலைச் சுற்றி நிற்கும் ஹப் மையத்திலேயே இருப்பதால் கிட்டத்தட்ட ஒரு மடங்கு, அதாவது ஃபிரேமில் இருக்கும் எடை மாதிரியேதான். இதெல்லாம் வேகம் மாறும்போது மட்டும். ஒரே வேகத்தில் மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது, எடை விளிம்பில் இருக்கிறதா பாட்டிலில் இருக்கிறதா என்று புவியீர்ப்பு பார்ப்பதில்லை. அங்கே எல்லாக் கிராமும் ஒன்றுதான்.

சரி, இதை என் சக்கரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 28 மி.மீ. மடிக்கும் வகை நல்ல டயர் ஒன்று 250 கிராம் அளவில் கிடைக்கிறது. டிபியு எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்று 35 கிராம். இந்த இரண்டையும் மாற்றினால் 1030 கிராம் 570 ஆகிறது. மிச்சம் 460 கிராம், அத்தனையும் விளிம்பில். வேகம் எடுக்கும்போது அது 920 கிராமுக்குச் சமம்.

சக்கரத்துக்குப் போட்ட கணக்கு கொஞ்சம் நீளமானது. ஹப் எடையும் ஸ்போக் ஒன்றின் எடையும் தெரிந்தால், மொத்தத்திலிருந்து கழித்து ரிம்மின் எடையைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். என் பழைய சக்கரங்களில் ரிம் ஒன்று சுமார் 560 கிராம், ஸ்போக் மொத்தம் 60, ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன மரைகளான நிப்பிளோடு சேர்த்து சுமார் 460 கிராம், ஹப் இரண்டும் சேர்ந்து 505. நான் பார்த்து வைத்திருந்த புது ஜோடியில் ரிம் ஒன்று 450, ஸ்போக்கும் நிப்பிளும் 312, ஹப்கள் 398, ஆக மொத்தம் 1610. மிச்சம் 475 கிராம். ஆனால் அதில் விளிம்பில் குறைவது 220 மட்டும். ஸ்போக்கில் 148, ஹப்பில் 107. மடங்கு போட்டுக் கூட்டினால் வேகம் எடுக்கும்போது சுமார் 745 கிராமுக்குச் சமம்.

அதாவது பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் சக்கரத்தைவிட, டயரும் டியூபும் அதிகம் தருகின்றன. இந்த முடிவைப் பார்த்த பிறகு வரிசையை மாற்றினேன். முதலில் டயர், பிறகுதான் சக்கரம்.

எடையை விடுங்கள், டயரில் அதைவிடப் பெரிய விஷயம் உருளும் எதிர்ப்பு. தரையில் அழுந்தி அழுந்தி எழும்போது டயரின் ரப்பர் தின்கிற ஆற்றல் அது. அதை அளக்கும் கெழு மலிவான கெட்டி டயரில் 0.006 என்றும், நல்ல டயரில் 0.004 என்றும் வைத்துக்கொள்வோம். 82 கிலோவுக்கு, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த வித்தியாசம் 13 வாட். இதையே சக்கர எடையோடு ஒப்பிட்டேன். 7 சதவீத மேட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறும்போது 475 கிராம் குறைவதால் மிச்சமாவது ஒன்றரை வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதே மேட்டில் அதே வேகத்தில் டயரின் எதிர்ப்பு குறைவதால் மிச்சமாவது ஏறத்தாழ 7 வாட். சமதளத்தில் மட்டுமல்ல, மேட்டிலும் டயர்தான் ஜெயிக்கிறது. எடை குறைந்த சக்கரம் வாங்கி, அதில் பழைய கெட்டி டயரையே மாட்டி ஓட்டுகிறவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

டிபியு டியூபைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில வகைகளை ரிம் பிரேக் பைக்கில் போடக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும், அந்தச் சூடு இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. வாங்கும் முன் அட்டையைப் படித்து, ரிம் பிரேக்குக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள். டயருக்கு வெளியே வைத்து இதில் காற்றை ஏற்றிப் பார்க்கவும் கூடாது. ரப்பர் டியூப் மாதிரி ஊதிவிட்டுப் பழைய அளவுக்குச் சுருங்காது. பஞ்சர் ஒட்டவும் இதற்கென்று வரும் பேட்ச்தான் வேண்டும்.

சக்கரம் தேர்ந்தெடுத்தது

டயர் மாற்றி ஓட்டியதிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தது. அப்படியிருந்தும் சக்கரத்தையும் ஏன் மாற்றினேன்? பழைய பின் சக்கரம் அடிக்கடி கோட்டம் விழுந்துகொண்டிருந்தது. நிப்பிள்கள் சில துருப்பிடித்து இறுகிவிட்டன. ஹப்புக்குள் குண்டுகள் உருளும் கோன் பேரிங்கின் பாதை சொரசொரப்பாகி, ஆக்ஸிலைக் கையில் பிடித்துச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி விரலில் தெரிந்தது. எப்படியும் செலவு செய்ய வேண்டிய நிலையில்தான் எடை குறைந்த ஜோடிக்குப் போனேன். நல்ல நிலையில் ஓடும் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு எடைக்காக மட்டும் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

எடையைப் பார்க்கும் முன், பொருந்துமா என்று பார்க்க வேண்டியவை உண்டு. என்னுடையது ரிம் பிரேக் பைக் என்பதால் முன் ஹப் 100 மி.மீ., பின் ஹப் 130 மி.மீ., இரண்டும் குவிக் ரிலீஸ். இன்று வரும் டிஸ்க் பிரேக் ரோடு பைக்குகளில் பெரும்பாலும் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஹப்பை ஊடுருவித் திருகி இறுகும் தடித்த அச்சு), முன்னால் 100, பின்னால் 142. பழைய டிஸ்க் பைக்குகளில் பின்னால் 135 மி.மீ. குவிக் ரிலீஸும் உண்டு. டிஸ்க் தகடு ஆறு போல்ட் வகையா, நடுவில் ஒரே வளையத்தால் இறுகும் சென்டர்லாக் வகையா என்பதும் ஹப்போடு ஒத்துப்போக வேண்டும். ஃபிரேமை அளக்காமல் சக்கரம் வாங்கக் கூடாது.

ரிம் பிரேக் பைக் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2018 ஜூலையில் சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ ரோடு பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்த பிறகு, புது மாடல்கள் பெரும்பாலும் டிஸ்க்குக்கே வருகின்றன. நல்ல அலுமினிய ரிம் பிரேக் சக்கரம் வேண்டுமென்றால் தள்ளிப் போடாமல் வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது ஃப்ரீஹப். கேசட் ஏறி உட்காரும் பல் வைத்த உருளை. ஷிமானோவின் 8, 9, 10 ஸ்பீடு கேசட்களுக்கு ஒரு நீளம். 11 ஸ்பீடு ரோடு கேசட்டுக்கான உருளை அதைவிட 1.85 மி.மீ. நீளம். இப்போது கிடைக்கும் ரோடு சக்கரங்களில் 11 ஸ்பீடு உருளைதான் அதிகம். அதில் 9 ஸ்பீடு கேசட்டைப் போட முடியும், பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் ஒன்றைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். அதனால் ஒன்பது ஸ்பீடுக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை, நாளைக்குப் 11 ஸ்பீடுக்கு மாறினாலும் சக்கரம் அப்படியே இருக்கும். எக்ஸ்டிஆர், மைக்ரோ ஸ்ப்லைன், கம்பானியோலோ என்று வேறு வகை உருளைகளும் இருப்பதால், இந்த ஷிமானோ வகையைக் குறிக்கும் எச்ஜி என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ரிம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தேன். டிஸ்க் பிரேக் பைக் என்றால் யோசித்திருப்பேன். ரிம் பிரேக்கில் கார்பனுக்குத் தனி பிரேக் கட்டை வேண்டும், மழையில் பிடிமானம் அலுமினியத்தைவிடக் குறைவு, நீண்ட இறக்கத்தில் சூடு ஏறினால் கார்பனைப் பிணைக்கும் ரெசின் இளகும். இறக்கத்தில் பிரேக்கை நம்ப வேண்டும், அதில் நான் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அப்புறம் கட்டமைப்பு. தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டி வரும் ஜோடிகளில் மிக நல்லவை உண்டு. கம்பானியோலோவின் சோண்டா அலுமினிய ரிம் பிரேக் சக்கரங்களில் பேர் பெற்றது. 1550 கிராம் அளவு, முன்னால் 16 ஸ்போக், பின்னால் 21. டயர் உட்காரும் பக்கத்தில் ஓட்டையே இல்லாத ரிம் என்பதால் ரிம் டேப்பே தேவையில்லை. மறுபக்கம் ஷிமானோ ஆர்எஸ்100 மாதிரியான மலிவான, உழைப்பாளிச் சக்கரங்கள் 1900 கிராம் அளவில் நிற்கின்றன. 2085 இலிருந்து அங்கே போனால் எடைக்காகப் போனதாக ஆகாது.

நான் கையால் கட்டும் சக்கரத்தையே எடுத்தேன். காரணம் ஸ்போக். தொழிற்சாலை ஜோடிகள் பலவற்றில் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய ஸ்போக் வரும். ஒன்று உடைந்தால் அதே நீளம், அதே வகை கிடைக்கும் வரை சக்கரம் மூலையில் கிடக்கும். ஸ்போக் குறைவாக இருக்கும் சக்கரத்தில் ஒன்று உடைந்தால் ரிம் வளைந்து பிரேக்கில் உரசி, வீடு வரை உருட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். என் ஜோடியில் முன்னால் 24, பின்னால் 28, சாதாரண வளைந்த தலை ஸ்போக். நடுப்பகுதி மெலிந்த இரட்டைத் தடிமன் வகை. தலையிலும் நிப்பிள் பக்கத்திலும் 2.0 மி.மீ., நடுவில் மெல்லியது. எடை குறைவதோடு, நடுப்பகுதி கொஞ்சம் இழுபடுவதால் குழியில் விழும் அதிர்ச்சி தலையில் போய்ச் சேராமல் ஸ்போக் முழுவதும் பரவுகிறது. ஸ்போக்குகள் பெரும்பாலும் உடைவது தலை வளைவில்தான். அதனால் மெலிந்த ஸ்போக் பலவீனமானது என்று நினைக்க வேண்டாம், ஒரே தடிமன் ஸ்போக்கைவிட நல்ல கட்டுமானத்தில் அதிக காலம் வரும்.

முன்னால் 20, பின்னால் 24 ஸ்போக் என்று போயிருந்தால் இன்னும் ஒரு 50 கிராம் குறைந்திருக்கும். வேண்டாம் என்று விட்டேன். என்னைவிட எடை அதிகமானவர்கள் ஸ்போக் எண்ணிக்கையைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சக்கரத்துக்கு எடை வரம்பு போட்டிருப்பார்கள், அது ஓட்டுபவர் எடையா, பைக்கும் சேர்த்தா என்றும் பாருங்கள். நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிள் போட்டால் 30 கிராமுக்கு மேல் மிச்சமாகும், ஆனால் வியர்வையும் மழையும் பட்டால் அரித்துப்போய், கோட்டம் எடுக்க ஸ்பேனரைப் போட்டதும் முனை மழுங்கும்.

ரிம்மின் உள் அகலம் 19 மி.மீ. பழையது 17. அகலம் கூடக் கூட அதே டயர் கொஞ்சம் விரியும். உள் அகலத்தில் ஒரு மி.மீ. கூடினால் டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. அகலும் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. கூடும் என்று கணக்கு வந்தது. பிரேக் வளைவுக்கு அடியிலும், பின் சக்கரத்தின் இருபுறமும் போகும் ஃபிரேம் குழாய்களான செயின்ஸ்டே இரண்டுக்கும் நடுவிலும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஆலன் கீகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். 5 மி.மீ. கீ தாராளமாகப் போனது. 4 மி.மீ.க்குக் குறைந்தால் நான் டயர் அகலத்தைக் குறைத்துவிடுவேன்.

டிஸ்க் பைக்காரர்கள் ரிம் பார்க்கும்போது ஹூக்லெஸ் என்ற வகை கண்ணில் படும். ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம். அதில் காற்றழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. அந்த ரிம்முக்கு ஏற்றது என்று டயர் தயாரிப்பாளரும் சொல்லியிருக்க வேண்டும். 25 மி.மீ. டயரில் அழுத்தம் ஏற்றி ஓட்டிப் பழகியவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொருத்தியது

புதுச் சக்கரங்கள் வந்ததும் மறுபடியும் தராசு. முன் 715, பின் 895. சொன்ன 1610 அப்படியே வந்தது.

டயர் ஏற்றும் முன் ஸ்போக்குகளைச் சோதித்தேன். ஸ்போக்கின் இறுக்கத்தை அளக்கும் இழுவை மானி வைத்துப் பார்த்ததில் பின் சக்கரத்தின் செயின் பக்கம் 120 கிலோ விசைக்குப் பக்கத்தில், எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக. மறுபக்கம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கேசட்டுக்கு இடம் விட ரிம் ஒருபக்கம் தள்ளி நிற்பதால் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், பிழை இல்லை. மானி இல்லாதவர்கள் ஒரே பக்கத்து ஸ்போக்குகளை விரலால் சுண்டி ஒலியைக் கேட்கலாம். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. பிறகு பக்கத்துப் பக்கத்து இணை ஸ்போக்குகளை இரண்டு கையாலும் சேர்த்து நெருக்கி, ஒரு முழுச் சுற்று வந்தேன். முறுக்கிக்கொண்டு நிற்கும் ஸ்போக் இருந்தால் இதில் டிக் என்று விடுபடும். முதல் சவாரியில் விடுபட்டுக் கோட்டம் விழுவதற்குப் பதில் இங்கேயே விடுபடட்டும்.

கேசட் மாற்றத்தைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். பழைய சக்கரத்தில், செயின் துண்டு வைத்த கைப்பிடியான செயின் விப்பால் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கைக் கழற்றினேன். கழற்றியதும் பழைய ஃப்ரீஹப்பின் மேற்பரப்பைப் பாருங்கள், நிறைய சொல்லும். அலுமினிய உருளை என்றால், தனித்தனியாக வரும் பல்சக்கரங்கள் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் அதன்மேல் நீளவாக்கில் மேடாக ஓடும் வரம்பில் கடித்து, கத்தியால் கீறிய மாதிரி வெட்டு விட்டிருக்கும். என் பழைய ஹப்பின் உருளை எஃகு, அதனால் அதில் லேசான அடையாளம்தான். புது ஹப்பில் அலுமினியம், ஆனால் ஒரு வரம்பில் மட்டும் எஃகுப் பட்டை பதித்திருக்கிறது. அந்த ஒரு பட்டை கடிப்பை வாங்கிக்கொள்ளும். எடை குறைந்த ஹப் பார்க்கும்போது இந்தப் பட்டை இருக்கிறதா என்று கவனிப்பது நல்லது. இல்லையென்றால் பெரிய பல்சக்கரங்களை ஒன்றாகப் பிணைத்து வரும் கேசட்டைப் போடுங்கள், பாரம் பரவும்.

1.85 மி.மீ. ஸ்பேசரை உள்ளே தள்ளி, மெல்லிய கிரீஸ் தடவி, பல்சக்கரங்களை ஏற்றினேன். வரம்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அகலம் வேறு, அதனால் ஒரே கோணத்தில்தான் ஏறும். முரண்டு பிடித்தால் தட்டி ஏற்ற வேண்டாம், கோணம் தப்பு. லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டரில் முறுக்கினேன். கடைசியில் டக் டக் என்று நெளிபற்கள் கடிக்கும் சத்தம் வரும். முறுக்கி முடித்ததும் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். லாக்ரிங் இறுக்கமாக இருந்தும் கேசட் லொடலொடவென்று ஆடினால் ஸ்பேசர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பிரேக்குக்குப் போனால், பழைய ரிம்மின் வெளி அகலம் 22 மி.மீ., புதியது 24. சக்கரம் உள்ளே போனதும் கட்டை இரண்டும் ரிம்மைக் கவ்விக்கொண்டு நின்றன. கேபிளைத் தளர்த்தி, பிரேக் கட்டைகளைத் தாங்கும் காலிப்பரைத் திறந்து, மறுபடி மையப்படுத்தினேன். ரிம்மின் உயரமும் கொஞ்சம் மாறியிருப்பதால் கட்டை டயரைத் தொடாமல், பிரேக் பரப்பின் நடுவில் படும்படி ஒவ்வொன்றையும் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. பழைய கட்டைகளின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், சின்னச் சின்ன அலுமினியத் துகள்கள் மினுங்கின. இவை அப்படியே இருந்தால் புது ரிம்மில் கோடு கோடாகக் கீறிவிடும். கூர்முனையால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, மணல் தாளில் முகத்தைத் தேய்த்துப் புதிதாக்கினேன். இதற்கு ஆன நேரம்தான் அதிகம், ஆனால் இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டு விலையுயர்ந்த ரிம்மைக் கெடுப்பவர்கள் நிறைய.

கியர் ஒரு சுற்று சரிபார்ப்பு. ஹப் மாறினால் கேசட் ஒரு மயிரிழை இடம் மாறி நிற்கும். முக்கியமாக, செயினை இடம் மாற்றும் டெரய்லர் எவ்வளவு உள்ளே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் உள் எல்லைத் திருகு. பெரிய பல்சக்கரத்தில் செயின் இருக்கும்போது டெரய்லரைக் கையால் உள்நோக்கித் தள்ளிப் பார்த்தேன், ஸ்போக்கைத் தொடக் கூடாது. மற்றது, கேபிளின் இறுக்கத்தைத் திருத்தும் பேரல் திருகில் கால் சுற்றுதான்.

ஓட்டும்போது

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், வளைவில் வேகம் குறைத்து மறுபடி எடுக்கும்போதும் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் பைக் உடனே முன்னால் பாய்கிறது. ஹேண்டில் இலகுவாகத் திரும்புகிறது. முதலில் கொஞ்ச நேரம் நான் நினைத்ததைவிடச் சற்று வேகமாகத் திரும்புகிறதோ என்று தோன்றியது, பிறகு பழகிவிட்டது.

கடிகாரத்தில் என்ன தெரியும்? டயர், டியூப், சக்கரம் மூன்றும் சேர்ந்து குறைந்த எடை 935 கிராம். 82 கிலோவில் அது 1.1 சதவீதம். அரை மணி நேரம் ஏறும் ஒரு மேட்டில் எடையால் மட்டும் மிச்சமாவது 20 வினாடிக்குள். சக்கரத்தை மட்டும் எடுத்தால் அதில் பாதி. மேட்டில் தோழர்களோடு சேர்ந்து ஏறும்போது பின்தங்குகிறேன், சக்கரம் மாற்றினால் கூடவே போகலாம் என்று யாராவது நினைத்தால், இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது எடை குறைந்ததற்குக் கிட்டத்தட்ட ஒரு பலனும் இல்லை. அங்கே காற்றும் டயரும்தான் பேசும்.

அப்படியென்றால் வாங்கியது வீணா என்றால், இல்லை. ஒரு கூட்டத்தில் ஓட்டும்போது இடைவெளி விழுந்து விழுந்து அதை மூட வேண்டியிருக்கும். சிக்னல் சிக்னலாக நின்று கிளம்பும் சாலையும் அப்படித்தான். அந்த மாதிரி ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் கால் அந்த இலகுவை உணர்கிறது. மேல் வேகம் கூடாவிட்டாலும் பைக்கில் ஏறி உட்கார ஆசை வருகிறது. எனக்கு அது போதுமான காரணம். பேரிங்கும் புதிது, கோட்டமும் இல்லை, அந்த நிம்மதி தனி.

முதல் சில சவாரிகளுக்குப் பிறகு ஸ்போக் இழுவையை மறுபடி அளந்தேன். பின் சக்கரத்தின் மறுபக்கத்தில் இரண்டு ஸ்போக் கொஞ்சம் தளர்ந்திருந்தன, கால் சுற்று ஏற்றியதோடு சரியானது. அதற்குப் பிறகு அசையவில்லை. புதிதாகக் கட்டிய எந்தச் சக்கரத்துக்கும் இந்த ஒரு சரிபார்ப்பு வேண்டும், அதைத் தள்ளிப் போடக் கூடாது.

பழைய ஜோடியை விற்கவில்லை. பின் ஹப்புக்குப் புது கோனும் குண்டுகளும் போட்டு, துருப்பிடித்த நிப்பிள்களை மாற்றி, பழைய கெட்டி டயரோடு மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறேன். அதற்கென்று தனியாக ஒரு 9 ஸ்பீடு கேசட்டும் போட்டாகிவிட்டது. ரிம் அகலம் 2 மி.மீ. வித்தியாசம் என்பதால் ஜோடியை மாற்றும்போதெல்லாம் பிரேக்கைத் திருத்த வேண்டும். பிரேக் கேபிளின் பேரல் திருகு எத்தனை சுற்று என்பதை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதி, பழைய சக்கரத்தின் ஸ்போக்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.